எண்ணெய்க்கு அடியில் வளரும் கறள்

தோட்டத்தில் கடமையாற்றிய தந்தையார் காட்டுப்பன்றிகளுக்காக வைத்திருந்த இரட்டைக்குழல் துவக்கு, இப்போது முறையான அனுமதிப்பத்திரத்துடன் தமையனாரிடம் இருப்பதாக வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாதந்தோறும் எண்ணெய் பூசியும் குழலின் உட்புறம் கறள் பிடிக்கிறதே, எண்ணெய் போதவில்லையா என்பது அவருடைய கேள்வி. எண்ணெயில் குறையில்லை, அதற்கு அடியில் உப்பு இருக்கிறது.

துடைக்கத் தொடங்குமுன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழல்வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, துவக்கை மடித்துத் திறந்து, இரண்டு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதிசெய்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிய பின்னரே சீலையைக் கையில் எடுக்க வேண்டும். சுட்ட குழலின் கரியில் ஈயம் கலந்திருப்பதால் சாப்பாட்டு மேசை இதற்கு உரிய இடமன்று. யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

இனி உப்புக்கு வருவோம். பழைய தோட்டாக்களின் அடியில், ஊசி தட்டும் சிறு கிண்ணத்தில் இருந்த மருந்தில் பொற்றாசியம் குளோரேற்று கலந்திருந்தது. அது வெடிக்கும்போது தன் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுப் பொற்றாசியம் குளோரைட்டாக மாறி, கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகக் குழலில் ஒட்டிக்கொள்கிறது. இது நம் சமையலறை உப்பின் நெருங்கிய உறவு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 84 வீதத்தைத் தாண்டியதும் இந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கொழும்பின் விடியற்காலைகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது.

கரைந்த உப்பின் குளோரைட்டு அயன் செய்யும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு அணு இலத்திரன்களை இழந்து நீரில் இறங்குகிறது. குளோரைட்டு அதனுடன் சேர்ந்து இரும்புக் குளோரைட்டாகிறது. அது நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்றுக் கறளாகப் படியும்போது ஐதரோக்குளோரிக் அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலம் பக்கத்து இரும்பை அரிக்கிறது. இத்தனைக்கும் பிறகு குளோரைட்டு சிறிதும் செலவாகாமல் அப்படியே மிஞ்சுகிறது. இரும்பையும் ஒட்சிசனையும் சேர்த்துவைத்துவிட்டு, பந்தியில் உட்காராமலே அடுத்த வீட்டுக்குப் புறப்படும் கல்யாணத் தரகர் அது. ஆகவே ஒரு சிட்டிகை உப்பு பல வருடங்களுக்குப் போதும்.

எண்ணெய் ஏன் இதைத் தடுப்பதில்லை? ஒரு கிளாசில் தண்ணீரும் இன்னொன்றில் தேங்காயெண்ணெயும் ஊற்றி, இரண்டிலும் அரைக் கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீரில் உப்பு மறைந்துவிடும். எண்ணெயில் மறுநாளும் மணல்போல அடியில் கிடக்கும். எண்ணெய்ச் சீலையால் துடைப்பதும் அப்படித்தான்: உப்பு இருந்த இடத்திலேயே இருக்க, மெல்லிய எண்ணெய்ப் படலத்தை ஊடுருவி ஈரமும் ஒட்சிசனும் அதனிடம் போய்ச் சேருகின்றன.

உருக்கின் நுண்துளைகளில் புகுந்த வெடிவாயு பின்னர் வியர்வையாகக் கசிகிறது என்றே வேட்டைக்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். உப்புத்தான் காரணம் என்று 1922இல் காட்டியவர் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வில்பர்ட் ஹஃப். சுரங்கங்களுக்கான ஒரு பணியகம் துவக்குக் கறளுக்குப் பணம் ஒதுக்கியதை எண்ணிப் பொறாமைப்படுகிறேன். கோட்டையிலிருந்து கடலோரமாகவே ஓடும் புகையிரதப் பாதையை வைத்திருக்கும் நாம், கறள் ஆராய்ச்சியைப் பாடசாலைப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அந்தக் காலப் படைவீரர்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். சூடேறிய உலோகம் தானாகவே உலரும். எண்ணெய் அதன் பிறகுதான். வாசகியின் வீட்டிலும் குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றி இதையே செய்யலாம். 1920களில் ஜேர்மனியில் குளோரேற்றுக்குப் பதிலாக ஈய ஸ்டிப்னேற்று என்ற சேர்வை கலந்த மருந்து அறிமுகமான பின் இந்த உப்பு தோட்டாக்களிலிருந்து படிப்படியாக நீங்கியது. ஆனால் வெள்ளவத்தையில் கடற்காற்றே யன்னல் கம்பிவரை உப்பைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஆகையால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோல் உறையில் துவக்கை வைக்க வேண்டாம்.

அவர் அனுப்பிய படத்தில், தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னால், குண்டூசித் தலையளவுக் குழிகள் தெரிகின்றன. கழுவினால் அவை மேலும் ஆழமாகாமல் தடுக்கலாமே தவிர, போன இரும்பு திரும்பாது. துவக்குத் திருத்துநர் ஒருவர் குழலின் தடிப்பை அளந்து பார்க்கும்வரை அதில் தோட்டா போட வேண்டாம்.