லிப்பிங்: ஒட்டுப்பலகைக்குக் கரை கட்டும் சட்டம்

சேலத்தில் மரக்கடைக்குப் போய் "பீடிங் கொடுங்க" என்று கேட்டால் மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்: சன்னலில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் கால்வட்டக் கட்டை, பலகை ஓரத்தில் ஒட்டும் பிவிசி நாடா, ஒட்டுப்பலகையின் (பிளைவுட்) வெட்டுமுகத்தை மூடும் கெட்டி மரச் சட்டம். மூன்றும் மூன்று வேலை. கடைசியில் சொன்னதற்குத்தான் லிப்பிங் என்று பெயர்.

பீடிங் என்ற சொல் சுற்றி வந்த பாதை விசித்திரமானது. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு வேண்டுதல் என்று பொருள். வேண்டுதலை எண்ணும் செபமாலையின் மணிக்கு அந்தப் பெயர் போனது. பிறகு மணி கோத்ததுபோல் உருட்டிச் செதுக்கிய விளிம்புக்கு வந்து, இன்று ஒல்லியான எந்தக் கட்டைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. லிப்பிங் அவ்வளவு அலையவில்லை. லிப் என்றால் உதடு. பாத்திரத்தின் வாய் விளிம்பையும் ஆங்கிலத்தில் உதடு என்பார்கள். பலகையின் விளிம்புக்கும் அதே வழியில் வந்தது.

அந்தச் சட்டம் எதற்கு? 19 மி.மீ. ஒட்டுப்பலகையை அறுத்த இடத்தில் நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். ஓர் அடுக்கு வழவழப்பாக இருக்கும், அடுத்தது சொரசொரக்கும். நார் மாறி மாறி ஓடுவதால் அப்படி. சொரசொரப்பான அடுக்கு நார்நுனி, அதாவது நார் குறுக்கே அறுபட்டு நுனி தெரியும் முகம். தண்ணீரையும் பசையையும் உறிஞ்சும். வழவழப்பான அடுக்கில் நார் நீளவாக்கில் இருப்பதால் பசை நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் ஆணியோ காடியோ (மரத்தில் தோண்டும் நீளப் பள்ளம்) இல்லாமல், நேர்மட்டமாக ஒட்டினாலே சாதாரணத் தட்டுக்குப் போதுமான பலம் கிடைக்கிறது.

முதலில் பலகையின் கனத்தை வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். 19 என்று விற்பது பல நேரம் 18, 18.5 தான் இருக்கும். சட்டத்தின் கனம் அதைவிட ஒன்றரை, இரண்டு மி.மீ. கூடுதலாக இருந்தால் இருபுறமும் சற்றே துருத்தி நிற்கும். பிறகு இழைத்து மட்டமாக்கலாம். பலகை ஓரத்திலிருந்து முன்னே நீளும் அகலம் 6 முதல் 10 மி.மீ. போதும். புத்தக அலமாரித் தட்டு தொய்யாமல் இருக்கவேண்டுமென்றால் சட்டத்தை 35, 40 மி.மீ. உயரத்துக்கு எடுத்துக் கீழ்ப்பக்கம் இறக்கிவிட வேண்டும். நீளத்தில் இருமுனையிலும் 10 மி.மீ. விட்டு, ஒட்டிய பிறகு அறுப்பது நல்லது.

வெள்ளைப் பசையைப் பலகை ஓரத்தில் மெல்லத் தடவி, அது உறிஞ்சிய பிறகு இரண்டாவது பூச்சு பூச வேண்டும். இந்த முதல் பூச்சை விட்டுவிடுவதால்தான் பல இடங்களில் சட்டம் பெயர்கிறது: பசை முழுவதும் நார்நுனிக்குள் போய், இணைப்பு வறண்டு நிற்கும். ஆறு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு, கிளாம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே தடித்த ரீப்பர் கட்டை ஒன்று வைத்தால் அழுத்தம் சமமாகப் பரவும். இணைப்பு நெடுக மணிமணியாகப் பசை பிதுங்கினால் அளவு சரி.

பலகையில் காடி எடுத்து, சட்டத்தில் துருத்தி நிற்கும் நாக்கை அதில் பொருத்துவதும் உண்டு. பலகை ஓரத்தின் நடுவில் 6 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்தில் காடி, நாக்கு 7 மி.மீ. நீளம். நாக்கும் 8 என்றால் அடியில் தேங்கிய பசை போக வழியின்றிச் சட்டத்தை வெளியே தள்ளும். பலத்தைவிட, சட்டம் மேலும் கீழும் வழுக்காமல் இருப்பதே இதில் பெரிய லாபம்.

அவசரப்பட்டு அன்றைக்கே இழைக்கக்கூடாது. பசையின் ஈரத்தில் இணைப்போரம் உப்பியிருக்கும். அப்போது மட்டமாக்கினால், காய்ந்த பிறகு அங்கே மெல்லிய பள்ளம் விழும். பாலிஷ் அடித்ததும் வெளிச்சத்தில் அது கோடாகத் தெரியும். ஒரு நாள் பொறுக்கலாம். வெனீர் என்னும் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை என்றால் இன்னும் கவனம் தேவை. மேல்தோல் பெரும்பாலும் அரை மி.மீ.கூட இருக்காது, உப்புத்தாளை இயந்திரத்தில் போட்டு ஓட்டினால் உள்ளடுக்கு வெளியே வந்துவிடும். இழைப்புளியால் காகிதக் கனம் மீதி இருக்கும்வரை இறக்கி, மிச்சத்தைச் சுரண்டுத் தகட்டால் எடுப்பதே பத்திரம்.

மரத்தின் ஈரம் தனிக் கதை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் சட்டத்துக்கு நல்ல மரம்தான். பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் இனமே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மலையின் ஈரக்காற்றில் கிடந்த மரத்தை அப்படியே சட்டமாக ஒட்டினால், சேலத்துச் சித்திரை வெயிலில் சுருங்கி ஒட்டுப்பலகை மட்டத்துக்குக் கீழே இறங்கும். கால் மி.மீ. இறங்கினாலே விரல் கண்டுபிடித்துவிடும். ஈரம் 10, 12 சதவீதத்துக்கு வரும்வரை வேலை நடக்கும் இடத்திலேயே அடுக்கி உலர்த்த வேண்டும். சட்டங்களின் முனையைச் சாய்வாக அறுத்து மூலையில் இணைக்கும்போது சட்டம் 60, 70 மி.மீ. அகலமாக இருந்தால், அந்தச் சுருக்கத்தால் இணைப்பின் உள்மூலை வாய்பிளக்கும். ஒல்லிச் சட்டத்தில் அந்தத் தொல்லை தெரியாது.

தமிழில் என்ன சொல்வது? உதட்டுச்சட்டம் என்பது வெறும் மொழிபெயர்ப்பு. நமக்குப் பலகைக்கு உதடு கிடையாது. விளிம்புப்பட்டை என்றால் பிழையில்லை, ஆனால் பட்டை என்றதும் மனத்தில் வருவது வளையக்கூடிய நாடா. அதைப் பிவிசிக்கே விட்டுவிடலாம். எங்கள் தேர்வு கரைச்சட்டம். கதவுச் சட்டம், நிலைச் சட்டம் என்று கெட்டி மரத்துக்குச் சட்டம் ஏற்கெனவே தச்சர் வாயில் இருக்கிறது. கரை சேலத்துக்குச் சொல்லித்தர வேண்டிய சொல்லா? வெண்பட்டு வேட்டியில் கரை தனி நிறம், ஆனாலும் உடலோடு ஒரே நெசவு. நல்ல கரைச்சட்டமும் நிறத்தில் வேறுபடலாம். தடவும் விரலுக்கு இணைப்பு தெரியக்கூடாது.

விலைப்பட்டியலில் "பீடிங் உட்பட" என்று எழுதி வாங்காமல் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "19 மி.மீ. ஒட்டுப்பலகை, முன்னோரத்தில் 8 மி.மீ. தேக்குக் கரைச்சட்டம், பசையால் ஒட்டியது. மற்ற மூன்று ஓரமும் விளிம்புப்பட்டை."