எந்தக் கட்சிக் கலை?

போன மாதம் எழும்பூர்ப் பக்கம் ஒரு ஓவியக் கண்காட்சி. ஒரு மூலையில் பிளாஸ்டிக் குடங்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக. பக்கத்தில் அட்டை: ‘கருத்தியல் கலைப்படைப்பு’. அருகில் நின்ற பெரியவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “இது எந்தக் கட்சி சார்?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

கான்செப்சுவல் ஆர்ட்டைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். செய்த பொருளைவிட அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணமே முக்கியம் என்கிற கலை. கான்செப்டின் மூலச் சொல் லத்தீன். சேர்த்துப் பிடிப்பது, கருத்தரிப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ‘கான்செப்ட் ஆர்ட்’ என்று 1961-இல் எழுதியவர் அமெரிக்கரான ஹென்றி ஃபிளின்ட். இசைக்கு ஒலி எப்படியோ, இந்தக் கலைக்கு கான்செப்ட் அப்படி என்றார். 1967-இல் அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் எழுதிய கட்டுரையோடு பெயர் ஊன்றிவிட்டது.

கருத்தியல் என்றால் நமக்கு ஐடியாலஜி. திராவிடக் கருத்தியல், மார்க்சியக் கருத்தியல் என்று மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். அதைக் கலைக்கு முன்னால் ஒட்டினால் பிரசாரம் என்றுதான் காதில் விழும். இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1965-இல் செய்த படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலி, அதே நாற்காலியின் புகைப்படம், அகராதி விளக்கத்தைப் பெரிதாக்கிய அச்சு. மூன்றில் எது நாற்காலி? மெய்யியல் வகுப்பில் கேட்கிற கேள்வியைக் கண்காட்சிக் கூடத்தில் கேட்டுவிட்டார். இதில் கொடி எங்கே வந்தது? எதற்கெடுத்தாலும் வாலில் ‘இயல்’ சேர்த்தால் கலைச்சொல் ஆகிவிடும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

‘கருத்துக் கலை’யும் உதவாது. கருத்து கந்தசாமி ஞாபகம்தான் வரும். ‘கருத்துரு’ நல்ல சொல், ஆனால் அரசு அலுவலகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன; நிதி கேட்டு மேலிடத்துக்கு அனுப்பும் காகிதத்துக்குப் பெயர் அது.

இலங்கைப் பாடநூல்களில் கான்செப்ட் என்பது ‘எண்ணக்கரு’. லத்தீன் சொல்லுக்குள் இருக்கும் கரு அப்படியே இதிலும் இருக்கிறது. எண்ணக்கருக் கலை என்பேன். “அது ஈழத்து வழக்கு, இங்கே புரியாது” என்றார் ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர். எண்ணமும் தெரியும், கருவும் தெரியும். சேர்ந்து வந்தால் மட்டும் புரியாதா?

இன்னொரு கூத்து, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையும் இந்தக் கலைக்காரர்கள் பட்டியலில் சேர்ப்பது. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைய உண்டு. ஆனால் அவை கோட்டாலும் வண்ணத்தாலும் ஆன ஓவியங்கள். கண்ணால் பார்த்தே தீர வேண்டும். எழுத்து இருந்தால் எண்ணக்கரு ஆகிவிடாது.

கிளம்பும்போது வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன். சிரித்தபடி குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது புது அட்டை: ‘கான்செப்சுவல் ஆர்ட்’. தமிழ் எழுத்திலேயே. சரி, பழையதற்கு இது மேல்.