நாக் சென்சார் – இடிப்புணரி

செங்கோட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் 'நாக் சென்சார் போயிருச்சு' என்று சொன்னால், அந்தக் கருவிதான் என்ஜினைத் தட்ட வைக்கிறது என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது தட்டலைக் கேட்டுச் சொல்லும் காது.

ஆங்கிலத்தில் 'நாக்' ஓசையிலிருந்து பிறந்த பழஞ்சொல். கதவைத் தட்டுவதற்கும் அதுவே வழங்குகிறது. 'சென்சார்', உணர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியிலிருந்து வந்தது. பெட்ரோல் என்ஜினில் பிளக்கின் பொறி மூட்டிய தீ சீராகப் பரவி முடிவதற்குள், மூலையில் எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொண்டால், அங்கே எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதிக் 'கிணிங் கிணிங்' என ஒலிக்கும். அதுவே நாக்.

சிலிண்டர் பிளாக்கில் போல்ட்டால் முடுக்கப்பட்ட உணரிக்குள், அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் வில்லை ஒன்று இருக்கிறது. அப்பண்பை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எழும் அந்த அதிர்வு எட்டியதும், என்ஜின் கணினி பொறி விடும் நேரத்தை, என்ஜின் தண்டு சுழலும் கோணத்தில் சில பாகை தள்ளிப்போட்டுத் தட்டலை அடக்குகிறது.

உணரி பழுதானால் கணினிக்குக் காது கேட்காது. ஆகவே பிஸ்டனைக் காப்பதற்காகப் பல வண்டிகளில் அது பொறியை எப்போதுமே தாமதப்படுத்திவிடுகிறது. சமவெளியில் இது அவ்வளவாகத் தெரியாது. புளியரையிலிருந்து கோட்டைவாசல் நோக்கி மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறும்போதுதான், ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தும் வண்டி இழுக்காமல், மூன்றாம் கியரில் போகும் இடத்தில் இரண்டாம் கியர் கேட்கிறது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. பிழைக்குறி பெரும்பாலும் பி0325 என வரும். எங்கள் வண்டியில் அப்படி வந்தபோது உணரியில் குறையே இல்லை, அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. போல்ட்டின் இறுக்கமும் முக்கியம்: பல உணரிகளுக்கு அது 20 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்க வேண்டும், தளர்ந்தாலும் மிகுந்தாலும் உணரி தவறாகக் கேட்கும்.

இனி தமிழ்ச்சொல். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் ஊரில் மலையாளம் காதுக்குப் பழகியது. அம்மொழியில் கதவைத் தட்டுவதற்கு 'முட்டுக' என்பார்கள். தமிழில் 'முட்டு' என்றால் மாடு முட்டுவதே முதலில் நினைவுக்கு வருவதால் அது பொருந்தாது. 'தட்டல்' எளிய சொல்தான், ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தட்டுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. 'இடிப்பு' என்பதையே நான் தேர்வேன்: உலக்கையின் மோதலும் வானத்து இடியும் ஒரே வேரில் நிற்பதால், உள்ளுக்குள்ளேயே வெடித்துச் சுவரில் மோதும் இந்நிகழ்வை அது முழுமையாகச் சொல்கிறது. 'பூச்சிக்கொல்லி', 'வழிகாட்டி' என்பவற்றில் செய்வதைக் குறிக்கும் 'இ' விகுதியே 'உணரி'யிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த 'இடிப்புணரி', இடிப்பது வேறு, அதை உணர்வது வேறு என்பதைச் சொல்லிலேயே பிரித்துக் காட்டுகிறது.