நகல் வட்டு எந்த நிமிடத்தில் நிற்கிறது?

வீட்டுக் கேமராவில் எடுத்து, வீட்டுக் கணினியிலேயே பதிந்த உயர்தர வீடியோ வட்டுகளை உறவினர்களுக்காக நகலெடுத்துத் தருவது என் தொழிலின் ஒரு பகுதி. கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று வரும் அந்த வட்டுகளில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. கேமராவில் இருந்த மூலப்பதிவு என்றோ அழிக்கப்பட்டிருக்கும். நகல் ஓடவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், படம் எந்த நிமிடத்தில் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் அதைக் கவனித்திருப்பதில்லை. வட்டு மட்டமானது என்று முடிவு செய்து, விலை கூடிய வட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி நகலெடுக்கச் சொல்வார்கள். பல நேரங்களில் அது வீண்செலவாகவே முடிகிறது.

பிளேயர் வட்டை அடையாளம் காணவே மறுத்தால், கோப்புகள் அடுக்கப்பட்ட முறையிலோ, வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்குவைக்கும் கோப்பு அமைப்பிலோ, பதிவை முறைப்படி முடித்துவைக்காததிலோ கோளாறு இருக்கும். படம் ஓடத் தொடங்கி, எல்லா நகல்களிலும் ஒரே காட்சியில் நின்றால், கோளாறு வீடியோத் தரவிலேயே இருக்கிறது. அல்லது மூலவட்டில் அந்த இடம் படிக்க முடியாமல்போய், நகலெடுத்த மென்பொருள் பிழையைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் சென்றிருக்கிறது. ஒரு நகல் ஓரிடத்திலும் இன்னொன்று வேறோரிடத்திலும் தடுமாறினால்தான் வெற்று வட்டையும் பதியும் டிரைவையும் சந்தேகிக்க வேண்டும். எதைச் செய்வதற்கு முன்பும், நகல் நின்றுபோன அதே பிளேயரில் மூலவட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மூலவட்டும் அங்கே நின்றால் நகலெடுத்தவர்மீது குற்றமில்லை.

இதை எனக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு முகூர்த்த வட்டு. 2011இல் நடந்த தம் மகளின் திருமணத்தைப் பெரியவர் ஒருவர் டிவிடியாகக் கொண்டுவந்து ஆறு நகல்கள் கேட்டார். மணமகளின் சித்தப்பா தம்முடைய கேமராவில் எடுத்து, முகூர்த்தத்தை மட்டும் ஏவிசிஎச்டி என்ற உயர்தர வீடியோ வடிவில் சாதாரண டிவிடியில் பதிந்திருந்தார். நான் எடுத்த ஆறு நகல்களும் மூலத்தோடு ஒவ்வொரு பிட்டும் பொருந்துவதாகச் சரிபார்ப்பில் தெரிந்தது. ஆயினும் ஒரே வாரத்தில் நான்கு வீடுகளிலிருந்து ஒரே புகார் வந்தது: தாலி கட்டும் நேரத்தில் படம் உறைகிறது, ஒலி விட்டுவிட்டு வருகிறது, சில நொடிகள் கழித்துத் தானே சரியாகிறது. பெரியவர் வீட்டுப் பிளேயரில் மூலவட்டு தடையின்றி ஓடியது; என் பட்டறையில் உள்ள பிளேயரிலோ அதே மூலவட்டு அதே நொடியில் நின்றது.

ஏவிசிஎச்டி என்பது சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த வடிவம். இதில் எச்.264 முறையில் சுருக்கப்பட்ட வீடியோ, டிவிடியில் பதியப்படுமானால், நொடிக்கு 18 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. மெமரி கார்டிலும் ஹார்ட் டிஸ்கிலும் 24 மெகாபிட் வரை போகலாம். சித்தப்பாவின் கேமரா மிக உயர்ந்த தரத்தில், உச்சத்தில் 24 மெகாபிட்டைத் தொடும்படி பதிந்திருந்தது. அதை அப்படியே டிவிடியில் ஏற்றியிருந்தார்கள். எச்.264 ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்துவது. மந்திரம் ஓதும் நேரத்தில் எல்லோரும் அமர்ந்த இடத்திலேயே இருப்பதால் தரவு குறைவாகவே தேவைப்படுகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது நூறு கைகளிலிருந்து அட்சதையும் பூவிதழும் பறக்கின்றன, பத்துக் கேமராக்களின் ஃபிளாஷ் மின்னுகிறது. முந்தைய சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாததால் தரவு உச்சத்தைத் தொடுகிறது. அடிப்படை வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபிட் மட்டுமே தரும் டிவிடியை அதற்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் சுழற்றிச் சில பிளேயர்கள் சமாளித்துவிடுகின்றன. பல பிளேயர்கள் வரம்புக்கு மேல் முயல்வதில்லை. அந்தக் குடும்பம் எந்த நொடிக்காக அந்த வட்டையே வைத்திருந்ததோ அந்த நொடியில்தான் அது நிற்கும்.

மறுபடி சுருக்கி 18 மெகாபிட்டுக்குள் கொண்டுவருவது எளிது, ஆனால் பறக்கும் அட்சதை அப்போது கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரியும். அதனால் தரவைத் தொடாமல், முறையான மெனு அமைப்போடு 25 ஜிபி ப்ளூ-ரே வட்டுக்கு மாற்றினேன். ப்ளூ-ரேயின் அடிப்படை வேகமே நொடிக்கு 36 மெகாபிட் என்பதால் 24 மெகாபிட் அதற்குச் சுமையே அல்ல. இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஏவிசிஎச்டி பதிந்த டிவிடியைப் பார்வையில் சாதாரண டிவிடியிலிருந்து பிரித்தறிய முடியாது, ஆனால் சாதாரண டிவிடி பிளேயரில் அது ஓடாது. சில பிளேயர்களில் வட்டு உள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வராமலும் போகும். உறைமேல் ‘ப்ளூ-ரே பிளேயரில் மட்டும்’ என்று எழுதாமல் நான் இப்போது எந்த நகலையும் வெளியே தருவதில்லை.

அடையாளம் காணப்படாத வட்டுகளில் நான் மிகுதியாகப் பார்ப்பது, கோப்புறையை இழுத்துப்போட்டுப் பதிந்தவை. வட்டின் மேல்மட்டத்தில் பிடிஎம்வி என்ற கோப்புறையும், அதற்குள் குறியீட்டுக் கோப்பும் பிளேலிஸ்ட்டும் வீடியோக் கோப்புகளும் தத்தம் இடத்தில் இருந்தால்தான் பிளேயர் அதைப் படமாக ஏற்கும். மெமரி கார்டில் இதே அமைப்பு வேறு கோப்புறைகளுக்குள் புதைந்தும், கோப்புப் பெயர்கள் சுருங்கியும் இருப்பதால், கார்டை அப்படியே வட்டுக்கு மாற்றினால் அது வெறும் தரவு வட்டாகிவிடும். கோப்பு அமைப்பும் யுடிஎஃப் 2.5 என்ற வகையாக இருக்க வேண்டும். நீண்ட பதிவுகளை கேமரா பல துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். அத்துண்டுகளை இணைக்கும் குறிப்பு பிளேலிஸ்ட்டில் இருப்பதால், வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி ஒட்டினால் இணைப்பில் ஒலி அறுபடும். நன்றாக ஓடும் மூலவட்டு கையில் இருந்தால், கோப்புகளாக நகலெடுக்காமல் முழு வட்டையும் உள்ளது உள்ளபடி ஒரே கோப்பாக, அதாவது ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்து அதிலிருந்து பதிவதே இத்தொல்லைகள் அனைத்தையும் தவிர்க்கும் வழி.

இங்கே நன்றாக ஓடும் நகல் அமெரிக்காவில் உள்ள மகன் வீட்டில் ஓடவில்லை என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. உடனே எல்லோரும், ஒரு நாட்டு வட்டை வேறு நாட்டுப் பிளேயரில் ஓடவிடாமல் தடுக்கும் மண்டலக் குறியீட்டைக் குறைசொல்கிறார்கள். வீட்டில் பதிந்த வட்டுகளில் பொதுவாக அந்தக் கட்டுப்பாடே இருப்பதில்லை. நம் நாட்டில் விற்கப்படும் கேமராக்கள் நொடிக்கு 50 புலங்கள் (ஒரு சட்டத்தின் பாதி வரிகள் ஒரு புலம்) என்ற கணக்கில் பதிகின்றன. அமெரிக்காவில் விற்கப்படும் ப்ளூ-ரே பிளேயர்களில் பல அந்தக் கணக்கை ஏற்பதில்லை. அங்கே அனுப்ப வேண்டிய நகலை நொடிக்கு 59.94 புலங்கள் என்ற கணக்குக்கு மாற்றியே தர வேண்டும். ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பொருத்தும் குறுக்குவழியைச் சிலர் கையாள்கிறார்கள். அதில் நாதஸ்வரத்தின் சுருதி காதுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கிவிடுவதால் நான் அதை ஏற்பதில்லை. இதை ஒத்த மற்றொரு சிக்கல், முழுச் சட்டங்களாக நொடிக்கு 50 என்று 1080 வரித் தரத்தில் எடுக்கப்படும் புதிய பதிவுகள். அவை ப்ளூ-ரே தரநிலையில் இல்லை. கைப்பேசிப் பதிவுகளில் வரும் ஏஏசி என்ற சுருக்க முறையிலான ஒலியும் அத்தரநிலையில் இல்லை.

இனி வட்டைப் பற்றி. டிவிடியில் தரவு அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால் ப்ளூ-ரேயின் கீழ்ப்பரப்பில் விழும் ஆழமான கீறல் நேரே தரவைத் தொட்டுவிடும். மெருகேற்றும் கருவிகளில் அதைக் கொடுக்கவே கூடாது. கரிமச் சாயம் பூசிய எல்டிஎச் வகை ப்ளூ-ரே வட்டுகளைச் சில பழைய பிளேயர்கள் படிப்பதில்லை, ஆகவே மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை நான் வாங்குவதில்லை. காகித லேபிள் ஒட்டினால் வெயில் காலத்தில் அது சுருண்டு, வேகமாகச் சுழலும்போது வட்டை ஆட வைக்கும். இடம்மாறி இடம்மாறித் தடுமாறும் நகல்களில் பாதிக்கு மேல் உச்ச வேகத்தில் பதியப்பட்டவையே என்பது என் அனுபவம். இடைநிலை வேகத்தில் பதிந்து, பதிந்த பின் முழுச் சரிபார்ப்பையும் ஓடவிட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூலவட்டே படிக்கத் திணறினால் அதைத் திரும்பத் திரும்பப் பிளேயரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு டிரைவ் படிக்காத பகுதியை வேறு தயாரிப்பு டிரைவ் படித்துவிடுவது உண்டு. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள், படித்த பகுதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு விடுபட்டவற்றை மட்டும் அடுத்த டிரைவில் முயல்கிறது. மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றி இரண்டு நாட்கள் ஓடவிட்டு முழுமையாக மீட்ட வட்டுகள் என்னிடம் உண்டு.

பதிவு செய்யத்தக்க ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்துவதாக சோனி அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. வேறு நிறுவனங்களின் வட்டுகள் கிடைக்கின்றன என்றாலும் முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் நகல் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வேலையாக மூலவட்டின் பிம்பத்தை எடுத்து, அவர்கள் கொண்டுவரும் ஹார்ட் டிஸ்கில் இட்டுத் தருகிறேன். முகூர்த்த வட்டின் பெரியவருக்கும் அப்படியே செய்தேன். ஆறு ப்ளூ-ரே நகல்களையும் வெவ்வேறு வயதுடைய மூன்று பிளேயர்களில் கெட்டிமேளம் தொடங்கும் இடத்திலிருந்து ஓடவிட்டு, அட்சதை விழுந்து முடியும்வரை அவர் பார்த்த பிறகே உறையிலிட்டேன்.