கற்சிலுவையைக் கல்லறைக்கு அனுப்பாதீர்கள்

கேரளப் பள்ளிகளை, அதாவது அங்குள்ள கிறிஸ்தவக் கோயில்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'கல்லறைச் சிலுவை' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குறவிலங்காட்டிலும் கடுத்துருத்தியிலும் பள்ளிமுற்றத்தில் திறந்தவெளியில் நிற்கிற பழைய கற்சிலுவைகளுக்குத்தான் இந்தப் பெயர். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு இதைப் படித்தாலே எரிச்சல் வருகிறது.

சொல் வரலாறு சிறியது. 'சிலுவை' சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'விலிருந்து வந்தது. 'குருசு' போர்ச்சுக்கீசியரின் 'குரூஸ்'. மலையாளத்தில் இந்தக் கல்லைக் 'கல்குரிசு' என்பார்கள்.

அப்புறம் கல்லறை எங்கிருந்து முளைத்தது? இங்கிலாந்தின் கிராமங்களில் கோயிலைச் சுற்றியே இறந்தவர்களைப் புதைத்தார்கள். அதனால் கோயில் வளாகத்தைக் குறிக்கும் 'சர்ச்யார்ட்' (churchyard) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இடுகாடு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்ப்பவர் அகராதியில் அந்தப் பொருளை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார். அந்த ஊர் வளாகங்களில் தனியாக நிற்கும் பழைய கற்சிலுவைகள்கூட ஒருவருடைய சமாதிக்கு வைத்த அடையாளம் அல்ல, ஊருக்கே பொதுவானவை. தமிழில் 'கல்லறைச் சிலுவை' என்றால் புதைகுழியின் தலைமாட்டில் நடுகிற சின்னச் சிலுவைதான். கேரளத்துக் கற்சிலுவையோ பள்ளியின் முன்வாசலுக்கு எதிரே நிற்கிறது. பல ஊர்களில் அதன் பீடத்தில் தாமரை இதழ் செதுக்கியிருக்கும், விளக்கு வைக்கக் குழிகள் இருக்கும், மக்கள் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவார்கள். பார்த்தால் இந்துக் கோயில் பலிபீடத்தின் சாயல் தெரியும். இதைப் போய்ச் சாவோடு கட்டிவைப்பது அநியாயம். நேரில் ஒருமுறை போய்ப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

இதையே 'பாரசீகச் சிலுவை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வேறு. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்ததும் கோட்டயம் வலியபள்ளியில் இருப்பவையும் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியை வெட்டிய பலகைக் கற்கள்; முற்றத்தில் ஓங்கி நிற்பவை அல்ல. 'குருசடி'யும் பொருந்தாது. எங்கள் பக்கம் அது குருசு நிற்கும் இடத்துக்கும் அங்கே கட்டிய சிற்றாலயத்துக்கும் பெயர், கல்லுக்கு அல்ல.

பொதுவான எழுத்துக்குக் 'கற்சிலுவை' போதும். இடமும் தெரிய வேண்டும் என்றால் 'முற்றத்துக் கற்சிலுவை' என்று எழுதலாம். எல்லைப்புறத்து ஆள் கதையில் பேசினால் 'கல்குருசு' என்றே பேசட்டும். வெள்ளறடைக்கு மேலே உள்ள மலையை நாங்கள் குருசுமலை என்றுதான் சொல்கிறோம்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலுவையைக் 'குறுக்கை' என்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. 'கற்குறுக்கை' என்று எழுதினால் பள்ளிமுற்றத்தில் விளக்கேற்றுகிற எந்தப் பாட்டிக்கும் அது எதுவென்று புரியாது. சைவ அன்பர்களுக்கோ குறுக்கை என்றால் சிவனின் எட்டு வீரச்செயல்களுக்குரிய அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான திருக்குறுக்கைதான் முதலில் நினைவுக்கு வரும்.