பரதநாட்டியத்தில் சேர்க்கும் முன் ஆசிரியரைப் பற்றி விசாரியுங்கள்

விஜயதசமி நெருங்கினால் பரதநாட்டியம் சொல்லித் தருகிற எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். பெரும்பாலும் கேட்பது மூன்றுதான்: மாதம் எவ்வளவு, எந்தெந்தக் கிழமை வகுப்பு, அரங்கேற்றம் செய்ய எத்தனை வருடம் ஆகும். நீங்கள் யாரிடம் படித்தீர்கள், முதல் வருடம் என்ன சொல்லித் தருவீர்கள், வகுப்பில் தரை எப்படி என்று கேட்பவர்கள் அபூர்வம். பள்ளிக்கூடம் சேர்க்க நாலு இடம் விசாரிக்கிற பெற்றோர், வளரும் குழந்தையின் முட்டியையும் முதுகையும் பல வருடம் ஒப்படைக்கப் போகிறவரை விசாரிக்காமலே சேர்த்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தேன். அதன் பிறகு ஒரு நட்டுவனாரிடம், அதாவது தாளம் தட்டிச் சொல் சொல்லி ஆடவைக்கிறவரிடம், உட்கார்ந்து அந்த நட்டுவாங்கக் கலையைப் படித்தேன். மேடையில் நிற்கக் கற்றது முதல் இடத்தில். குழந்தையைப் பார்க்கக் கற்றது இரண்டாவது இடத்தில். எங்கள் வாத்தியார் எழுந்து ஆடிக் காட்டியதை நான் பார்த்ததே இல்லை. மனை என்கிற மரக்கட்டையில் தட்டுக்கழியால் தட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, அதாவது சொல்லுக்கட்டு, சொல்வார். கண் மட்டும் எங்கள் காலில் இருக்கும். வரிசையின் கடைசியில் நிற்பவளுக்கு இடது குதிகால் தாமதமாக இறங்கினாலும் தட்டு நின்றுவிடும்.

ஆடத் தெரிவது வேறு, ஆடவைக்கத் தெரிவது வேறு. இன்று நாம் ஆடுகிற தொடக்க ஆட்டமான அலாரிப்பு முதல் முடிவு ஆட்டமான தில்லானா வரையான நிகழ்ச்சி வரிசையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்துத் தந்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வருமே நட்டுவனார்கள். அவர்கள் வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்துவிட்டுத்தான் ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் மேடை ஏறினார். அடுத்த வருடம் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கினார். பெரிய பெரிய நடனக் கலைஞர்களை உருவாக்கியவர்கள் தட்டுக்கழியோடு கீழே உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆகவே ஆசிரியரின் மேடைப் படங்களையும் விருதுகளையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவரிடம் நாலைந்து வருடம் படித்த ஒரு பிள்ளையின் தட்டடவை, அதாவது பாதத்தால் தரையில் தட்டுகிற முதல் அடவை (அடிப்படை ஆட்ட அசைவை), பாருங்கள், போதும்.

தட்டடவில் என்ன பார்ப்பது? "தெய்யா தெய்" என்று சொல்லும்போது கால் பின்பக்கமாக நன்றாக மடங்கி, பாதம் முழுவதும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். அப்படிப் பட்டால் ஒரே சத்தம் கேட்கும். குதிகால் முந்தினால் இரண்டு சத்தம் கேட்கும், அதிர்ச்சி நேரே முட்டிக்கும் இடுப்புக்கும் ஏறும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், யார் வேண்டுமானாலும் சமாளித்துவிடலாம். மிக வேகமான மூன்றாம் காலம் வந்ததும், முட்டி மடக்கி உட்கார்ந்த உயரம் அப்படியே இருக்கிறதா, மெல்ல மெல்ல எழுந்துவிடுகிறதா என்று கவனியுங்கள்.

முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுதல் நடப்பது அங்கேதான். கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அது பிறவி அமைப்பு. சில குழந்தைகளுக்கு முதல் நாளே கால் அழகாகத் திரும்பும். சிலருக்கு எத்தனை வருடம் பழகினாலும் பாதி திருப்பத்துக்கு மேல் வராது. அவர்களை "இன்னும் திருப்பு, இன்னும் உட்கார்" என்று விரட்டினால் என்ன ஆகும்? பாதம் மட்டும் திரும்பும், தொடை திரும்பாது. நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி உள்பக்கம் சாயும். உள்ளங்கால் வளைவு தரையோடு அமுங்கும். முதுகு முன்னால் வளைந்து பின்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும்.

வேறு வகுப்பிலிருந்து என்னிடம் வந்த ஒரு ஒன்பது வயதுப் பெண்ணை இப்படித்தான் பார்த்தேன். பாதம் இரண்டும் நேர்கோட்டில் இருந்தன, பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். எதிரே உட்கார்ந்து பார்த்தால் முட்டிச்சில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. முட்டிச்சில் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இறங்க வேண்டும். அவளுக்குக் கட்டைவிரலையும் தாண்டி உள்ளே விழுந்திருக்கும். பாதத்தின் கோணத்தைக் குறைத்து, கொஞ்சம் உயரமாகவே உட்காரவைத்து, காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுகிற நாட்டடவை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அவள் அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். ஜதிஸ்வரம் என்கிற முழு ஆட்டமே ஆடிய குழந்தையை அடவுக்குக் கொண்டுபோகிறீர்களே என்று கேட்டார். சில மாதங்களில் முட்டி நேரானது. மாலையில் முட்டி வலிக்கிறது என்று அவள் சொல்வதும் நின்றது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை குதிகால் எலும்பிலும் முட்டிக்குச் சற்றுக் கீழேயும் எலும்பு வளரும் பகுதிகள் மென்மையாக இருக்கும். தட்டும் குதிப்பும் அதிகமானால் அந்த இடங்களில்தான் முதலில் வலிக்கும். தசை வலி ஓரிரு நாளில் போய்விடும். குறிப்பிட்ட எலும்பின் மேல் விரல் வைத்து "இங்கே" என்று குழந்தை காட்டுகிற வலி அப்படிப் போகாது. அதை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை குதித்து ஆடுகிற குதித்துமெட்டடவும், முழுக்க உட்கார்ந்து முட்டியைத் தரையில் ஊன்றுகிற மண்டியடவும் வேண்டாம். "ஆட ஆடச் சரியாகிவிடும்" என்று சொல்கிற ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த வார்த்தையை நம்பாதீர்கள்.

தரையும் இதோடு சேர்ந்ததுதான். கான்கிரீட்டின் மேல் டைல்ஸோ கிரானைட்டோ போட்ட கூடத்தில்தான் இன்று பெரும்பாலான வகுப்புகள் நடக்கின்றன. அடியில் இடைவெளி விட்ட மரத்தளம் எல்லோராலும் போட முடியாது, எனக்கும் அது இல்லை. ஆனால் கெட்டித் தரையில் ஒரு மணி நேரமும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருப்பார்கள்: தாளம் போடுவது, சொல்லுக்கட்டு சொல்வது, முத்திரைகளைச் சுலோகத்தோடு பழகுவது. கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு மூன்று காலமும் வாயால் சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் காலில் அது தானாக வரும்.

இதற்கும் ஆசிரியரின் பின்னணிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாளம் கையில் இருக்கிற ஆசிரியரால் ஒரு குழந்தைக்காகத் தட்டைக் குறைக்க முடியும், நிறுத்த முடியும், அதே இடத்திலிருந்து எடுக்க முடியும். பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு ஆடவைக்கிற வகுப்பில் பாட்டின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஆகவே "நட்டுவாங்கம் நீங்களே செய்வீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

அரங்கேற்றத்துக்கு வருகிறேன். வாரம் இரண்டு வகுப்பு வந்து வீட்டிலும் பழகுகிற குழந்தைக்கு ஏழெட்டு வருடமாவது வேண்டும் என்பது என் கணக்கு. நிகழ்ச்சியின் நடுவில் வருகிற பெரிய ஆட்டமான வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த நேரம் முழுக்க அரைமண்டி தாங்க வேண்டும், மூச்சும் தாங்க வேண்டும், முகத்தில் அது தெரியவும் கூடாது. மூன்றே வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்றால், அடவுகளை விட்டுவிட்டு உருப்படிகளை, அதாவது முழு ஆட்டங்களை, மனப்பாடம் செய்விப்பார்கள் என்று பொருள். "பாலசரஸ்வதி ஏழு வயதிலேயே ஆடினாரே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், பரதநாட்டிய மேதையான அவர் 1925இல் காஞ்சிபுரத்தில் ஆடினார். அவர் வீணை தனம்மாளின் பேத்தி. பாட்டும் தாளமும் பிறந்த வீட்டிலேயே காதில் விழுந்துகொண்டிருந்தன. கந்தப்பப் பிள்ளை போன்ற ஆசான் சிறு வயதிலிருந்தே கண்டிப்போடு பழக்கினார். பள்ளி, டியூஷன், நீச்சல் என்று ஓடிவிட்டு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வருகிற குழந்தையை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. மண்டபம், பக்கவாத்தியம், உடை, நகை, சாப்பாடு என்று செலவும் எக்கச்சக்கமாகப் போகிறது. கடன் வாங்கி அரங்கேற்றம் செய்யாதீர்கள். முதன்முதலாகச் சலங்கை கட்டுகிற சலங்கை பூஜையை வகுப்பிலேயே எளிமையாகச் செய்யலாம், கோயிலில் இரண்டு உருப்படி ஆடலாம்.

எட்டு வயதுக் குழந்தைக்குத் தலைவனை நினைத்து ஏங்குகிற காதல் பாட்டான பதத்தைக் கற்றுத் தருவதும் எனக்கு உடன்பாடில்லை. முருகன் மேல் பாட்டு, கண்ணன் வெண்ணெய் திருடுகிற பாட்டு, பாரதியார் பாட்டு என்று அந்த வயதுக்குப் புரிகிற உணர்வுகள் எவ்வளவோ இருக்கிறது.

அப்புறம், சொல்லத் தயங்கக் கூடாத ஒரு விஷயம். அடவு திருத்தும்போது ஆசிரியர் தோளையோ முழங்கையையோ தொட வேண்டிவரும். நான் "தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன், அதுவும் எல்லோர் முன்னாலும்தான். பெற்றோர் வகுப்பில் உட்காரவே கூடாது என்கிற இடத்திலும், தனியாக வரச்சொல்கிற இடத்திலும் கவனமாக இருங்கள். குழந்தை திடீரென்று வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதால், சோம்பேறித்தனம் என்று அதட்டுவதற்கு முன் உட்காரவைத்துக் கேளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நடன வகுப்புக்கும் பொருந்தும். நிறத்தையும் உடல் பருமனையும் சொல்லிக் குத்திக்காட்டுவதும் பயிற்சியில் சேர்த்தி இல்லை. கறுப்பாக இருப்பவளைப் பின்வரிசைக்கு அனுப்புகிற பழக்கத்தை இன்னும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

சேர்க்கும் முன் ஒரு நாள் முழு வகுப்பும் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையில் ஆடுகிற கெட்டிக்காரப் பிள்ளைகளை விட்டுவிட்டு, பின்னால் தடுமாறுகிற குழந்தையைக் கவனியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் அதன் பெயரைச் சொல்லி எத்தனை முறை கூப்பிடுகிறார், அதன் பாதத்தை ஒரு தடவையாவது குனிந்து பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, மாதக் கட்டணத்தை அப்புறம் கேளுங்கள்.