தலைச்சுற்றலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை எதற்கு?

படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் கையில் மூளை ஸ்கேன், கழுத்து எக்ஸ்ரே, கட்டுக்கட்டாக மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. படுக்கவைத்து, தலையைத் திருப்பி, கண்ணைப் பார்த்தார்களா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்!

இதற்குப் பெயர் நிலைசார் தலைச்சுற்றல் (BPPV). உட்காதில் இருக்கவேண்டிய நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் பெயர்ந்து, அங்கேயே தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழலுக்குள், பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள், போய்விடுவதுதான் கோளாறு. பீட்டாஹிஸ்டின், சின்னரிசைன், புரோகுளோர்பெராசின் எதுவும் அவற்றை இம்மியும் நகர்த்தாது. செருப்புக்குள் கல் இருக்க, வலி மாத்திரை போடுவது போலத்தான். "மாத்திரை கேட்டதே" என்பீர்கள். பலருக்குச் சில வாரங்களில் இது தானாகவே சரியாகும். பெயர் மாத்திரைக்குப் போகிறது. கடும் குமட்டலுக்கு ஓரிரு நாள் மருந்து தருவதில் தவறில்லை. வாந்தி வருமென்று அஞ்சுபவருக்கு, தலையைத் திருப்பிப் படிகங்களை வெளியேற்றும் சிகிச்சைக்கு முன் ஒரு வேளை தரலாம். அதற்கு மேல் இழுத்தால் தூக்கம், தள்ளாட்டம், முதியவர் என்றால் கீழே விழும் அபாயம். சின்னரிசைனும் புரோகுளோர்பெராசினும் நாள்பட்டால் கைநடுக்கம், உடல் இறுக்கம்கூட வரவழைக்கும். அதைப் பார்க்கின்சன் என்று எண்ணி இன்னொரு மருந்து தொடங்குவதும் நடக்கிறது.

கழுத்து எலும்புத் தேய்மானம்தான் காரணம் என்பதையும் விட்டுவிடுங்கள். நடுவயது தாண்டிய பெரும்பாலோர் எக்ஸ்ரேயில் அது தெரியும். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து புரண்டாலும் சுற்றுகிறதே, அப்போது கழுத்து என்ன செய்தது? பட்டை கட்டுவதால் கழுத்து விறைப்பதுதான் மிச்சம்.

முதலில் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, கட்டில் விளிம்புக்குக் கீழே 20 பாகை தொங்கவிட வேண்டும். சில நொடி கழித்துச் சுற்றல் தொடங்கி, கண் மேல்நோக்கித் துடித்தபடி கீழிருக்கும் காதுப் பக்கம் சுழன்றால், அந்தக் காதின் பின்புறக் குழல்தான் காரணம்.

படிகங்களைக் குழலிலிருந்து வெளியேற்றுவது எப்ளி முறை. வலது காது என்றால் அது அதே நிலையில் தொடங்கும். சுற்றல் அடங்கும்வரை, 30 நொடி முதல் ஒரு நிமிடம், பொறுக்க வேண்டும். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி, மறுபடி பொறுக்க வேண்டும். பிறகு இடது தோள்மீது புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கும்படி அதே நேரம். மோவாயைத் தாழ்த்தியபடி மெதுவாக எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் சிலர் பின்னால் சாய்வார்கள், தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோற்பது எங்கே? நேரத்தைக் குறைப்பதில், திருப்பும்போது தலையைத் தூக்கிவிடுவதில், எல்லாவற்றையும்விட, எந்தக் காது என்றே தெரியாமல் காணொளி பார்த்துச் செய்வதில். படிகம் கிடைமட்டக் குழலில் இருந்தால் எப்ளி உதவாது. அதற்கு வேறு முறை. அண்மையில் கழுத்தில் அறுவை, முறிவு, முடக்குவாதத்தால் கழுத்து தளர்ச்சி இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முடிந்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கத் தேவையில்லை. லேசான தள்ளாட்டம் சில நாள் இருக்கும். அதுவரை ஏணி ஏறாதீர்கள். சுற்றல் நிற்கவில்லையென்றால் மறுபடி சோதித்து மறுபடி செய்யலாம். திரும்பத் திரும்ப வருபவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நல்லது. தயவுசெய்து, பழைய சீட்டைக் காட்டி நீங்களே மாத்திரை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அசையாமல் கிடந்தும் மணிக்கணக்கில் சுற்றுகிறது, பார்வை இரட்டிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கம் மரத்துப்போகிறது, நிற்கவே முடியவில்லை, திடீரென்று காது கேட்கவில்லை என்றால் இது அந்த நோயல்ல. தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.